மஞ்சள் கயிறு யாருக்கு உரியது? சிடாம் கிரி அருங்காட்சியகத்தில் ஒரு சனிக்கிழமை

கெடா மாநிலத்தில் குடும்பத்தோடு ஒரு விடுமுறை நாளைச் செலவின்றிக் கழிக்க இடம் உண்டா என்று, கூட்டம் முடிந்து மேடையை விட்டு நான் இறங்கும்போதெல்லாம் எவரேனும் கேட்பதுண்டு. உண்டு என்று இனி உறுதியாகச் சொல்வேன். சென்ற மாதம் போய் வந்தேன். நுழைவுக் கட்டணம் இல்லை. பூத்தொடுக்கலாம், வண்ண அரிசியில் கோலமிடலாம், பல்லாங்குழி ஆடலாம், வேட்டியும் சேலையும் உடுத்தி நிழற்படம் எடுத்துக்கொள்ளலாம். எதற்கும் ஒரு காசு வாங்குவதில்லை.

அங்கே என்ன நடந்தது என்று கேட்டால்தான் தடுமாறுவேன். ஐயமின்றிப் பேசியே பழகிய வாய் இது. ஆயினும் அந்தச் சனிக்கிழமை முற்பகலில் நடந்தது திருமணமா, விளையாட்டா என்பதில் எனக்கு இன்றுவரை தெளிவில்லை. ஆகவே நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். முடிவு உங்களுடையது.

முதலில் நாளைப் பற்றி ஒரு சொல். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதை வெளிமாநிலத்தார் மறந்துவிடுகின்றனர். குடும்ப நாள் நிகழ்ச்சி சனிக்கிழமையில்தான். பினாங்கிலிருந்து ஞாயிறன்று புறப்பட்டு வந்து, பூட்டிய கதவின்முன் நின்று நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்பாதீர்கள்.

இனிக் காரணம். என் தங்கை பூங்கொடியின் மகள் யாழினி, கூலிம் ஹைடெக் பூங்காவில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் தொழில்நுட்பராகப் பணியாற்றுகிறாள். அவளோடு அங்கேயே பணிபுரியும் மதியழகன் என்னும் இளைஞனின் வீட்டார், அன்று மாலை ஐந்து மணிக்குக் கோலா கெத்திலில் உள்ள பூங்கொடியின் வீட்டுக்கு வந்து திருமண நாளைக் குறிப்பதாக ஏற்பாடு. சமையல் பொறுப்பைப் பூங்கொடியின் கணவர் ஏற்றுக்கொண்டார். பூங்கொடியின் கைகளோ சும்மா இருக்க மறுத்தன. முதல் நாள் பிற்பகலில் யாழினி என்னைக் கைப்பேசியில் அழைத்தாள்.

“மாமா, நாளைக்குக் காலையில அம்மாவ எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிடலாம் மாமா. ஜன்னல மூணு தடவ கழுவிட்டாங்க. விட்டா மாப்பிள்ள வீட்டுக்காரங்களையும் நிக்க வச்சுக் கழுவிடுவாங்க.”

“எங்கேயம்மா போவது?”

“சிடாம் கிரி மியூசியத்துல ஃபேமிலி டே இருக்கு. ஃப்ரீ லா. ரெண்டு மணிக்கெல்லாம் வீட்டுல இருக்கலாம்.”

நானும் கூலிம்வாசி. யாழினி தோழியரோடு வாடகை வீட்டில் இருக்கிறாள். காலை ஏழரைக்கு அவளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். கோலா கெத்தில் ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர்; விடுமுறை நாளில் நாற்பது மணித்துளிகள் போதும். வழியெங்கும் இருபுறமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை, இடையிடையே ரப்பர் தரும் பால்மரம். பூங்கொடியையும் ஏற்றிக்கொண்டு, நகர்முனையில் தமிழ் முசுலிம் அன்பர் ஒருவரின் கடையில் பசியாறினோம். ரொட்டி சானாய், தே தாரேக் தேநீர், மூவருக்கும் பதினைந்து வெள்ளி அறுபது காசு. அன்றைய நாளில் உணவுக்காக நான் கொடுத்தது அவ்வளவே.

கடைக்காரரிடம் வழி கேட்டேன்.

“மியூசியமா? பழைய தோட்டத்து ஆஸ்பத்திரி லா அது. இங்கேருந்து பன்னெண்டு கிலோமீட்டர் இருக்கும். போன் சொல்றத கேக்காதீங்கண்ணே, செம்பனைக்குள்ள கொண்டு போயி விட்டுரும். சூராவ் தாண்டி ரெண்டாவது சிம்பாங்.”

சூராவ் என்பது சிறு தொழுகைக்கூடம். சிம்பாங் என்பது சாலை பிரியும் இடம். தெளிவாகத்தான் சொன்னார். ஆயினும் யாழினி கைப்பேசியை நம்பினாள். நான் யாழினியை நம்பினேன். பத்தே மணித்துளிகளில் செம்மண் பாதையின் முடிவில், செம்பனைக் குலைகளைக் குவித்து வைக்கும் மேடை ஒன்றின்முன் நின்றோம். குலை ஏற்றிக்கொண்டிருந்த சுமையுந்து ஓட்டுநர் எங்களைப் பார்த்ததும் கேட்காமலேயே கையை நீட்டினார்.

“மியூசியம் தானே? திரும்புங்க, திரும்புங்க. காலையிலேருந்து நீங்க நாலாவது கெரேத்தா.” நாலாவது மகிழுந்து என்றார்.

அருங்காட்சியகத்தின் பெயரை நான் எழுதாததற்குக் காரணம், அங்குள்ள பணியாளர்கள் நல்லவர்கள் என்பதுதான். சிடாம் கிரியில் பழைய ஆஸ்பத்திரி என்று கேட்டால் எவரும் காட்டுவர். வெள்ளைச் சுவரும் நீண்ட தாழ்வாரமும் கொண்ட கட்டிடம். நோயாளர் படுத்திருந்த அறைகளில் இப்போது கண்ணாடிப் பேழைகள். வாகனம் நிறுத்த மழைமரங்களின் நிழலில் இடம் உண்டு, கட்டணம் இல்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதே முக்கால். பாதி வண்டிகளின் சக்கரங்களில் செம்மண் ஒட்டியிருந்தது.

என் குழப்பம் வாசலிலேயே தொடங்கிவிட்டது. பெயர் பதிந்த பெண் எங்கள் மூவரின் மணிக்கட்டிலும் மஞ்சள் நாடா கட்டினார். எங்களுக்குப் பின்னால் நின்ற குடும்பத்துக்குச் சிவப்பு நாடா. ஏன் இந்த வேறுபாடு என்று கேட்டேன். பிறகு தெரியும் என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். வயதுப்படியா, இனப்படியா, உணவுப்படியா? சுற்றிலும் பார்த்தேன். சீனக் குடும்பம் ஒன்றுக்கு மஞ்சள். மலாய்க் குடும்பங்களில் இரண்டு நிறமும் இருந்தன. ஒரு வீட்டில் தந்தைக்குச் சிவப்பு, தாய்க்கு மஞ்சள். ஒன்றும் பிடிபடவில்லை.

முதல் அறையில் பல்லாங்குழியும் மலாயரின் சொங்காக்கும் அருகருகே வைக்கப்பட்டிருந்தன. இவ்விரண்டின் உறவைப் பற்றி நான்கு சொற்கள் சொல்லலாமே என்று தொண்டையைச் செருமினேன். எதிரே அமர்ந்திருந்த மலாய்ச் சிறுமி என்னை நிமிர்ந்து பார்த்து, ஆடப் போகிறீரா இல்லையா என்று கேட்டாள். ஆடினேன். இருமுறை தோற்றேன். அவள் எண்ணியது எப்படி, நான் எண்ணியது எப்படி என்பது இப்போதும் விளங்கவில்லை. என் குழிகள் மட்டும் காலியாகிக்கொண்டே இருந்தன.

இரண்டாம் அறையில் அரிசிக்கோலம். குடும்பத்துக்கு ஒரு சதுரம். பசை தடவிய பலகை. கிண்ணங்களில் வண்ண அரிசி. பூங்கொடி சப்பணமிட்டு அமர்ந்து, விரல் நுனியால் அரிசியை ஒழுகவிட்டாள். காலையிலிருந்து முதன்முறையாக அவள் தோள்கள் இறங்கின. யாழினி என்னைப் பார்த்துக் கண்சிமிட்டினாள். வந்ததன் பயன் கிடைத்துவிட்டது என்றே இருவரும் எண்ணினோம்.

மூன்றாம் அறையில் பூமாலை. தேவி என்னும் இளம்பெண் ஒருவர், வாய் ஒருபுறம் பேசிக்கொண்டிருக்கக் கை மறுபுறம் தொடுத்துக்கொண்டே, இருபது பேருக்கு ஒரே நேரத்தில் சொல்லிக்கொடுத்தார். சாமந்தியை நாரில் வைத்துவிட்டு, மாலை சூடும் மரபின் தொன்மையை அருகிலிருந்த சீன நண்பருக்கு விளக்கத் தொடங்கினேன். பூக்கள் வரிசையாக மடியில் உதிர்ந்தன.

“ஐயா,” என்றார் தேவி. “பேசுனா பூ நிக்காது. முடிச்சு போட்டாத்தான் நிக்கும்.”

அறை சிரித்தது. நானும் சிரித்தேன். யாழினி கட்டியது இரண்டு முழு மாலைகள். “கை ராசி லா தங்கச்சி உனக்கு,” என்று பாராட்டி அவற்றைத் தேவி தட்டில் எடுத்துக்கொண்டு போனார். எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை.

பதினொன்றரைக்கு எல்லாரையும் நடுக்கூடத்துக்கு அழைத்தனர். இருநூறு பேர் இருக்கலாம். மேடையில் வாழைக்கன்று இரண்டு, விளக்கு, இரு நாற்காலிகள். ஓரத்து மேசையில், கண்ணாடித்தாள் சுற்றி நாடா கட்டிய தட்டுகள் ஏழெட்டு: பழம், இனிப்பு, வளையல், சேலை. ஒலிவாங்கியைப் பிடித்தவர் ஐனா என்னும் இளம் அலுவலர். தலையில் இளநீலத் துணி, கையில் குறிப்பு அட்டைகள், முகத்தில் தேர்வெழுதும் மாணவியின் கவனம். மலாயில் மிக வேகமாகப் பேசினார். ஒலிபெருக்கி இரைந்தது. மஞ்சள் நாடா என்றார், மணமாகாத மகள் என்றார், யார் வீட்டில் என்றார். அடுத்த நொடி பூங்கொடியின் கை உயர்ந்தது.

“ஏன் கையைத் தூக்கினாய்?” என்றேன்.

“லக்கி ட்ராண்ணே! அங்க பாருங்க, ஹேம்பர்!”

அவள் காட்டியது அந்தக் கண்ணாடித்தாள் சுற்றிய தட்டுகளை. நம் நாட்டில் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அதிர்ஷ்டக் குலுக்கல் உண்டு. பரிசுப் பொருளைக் கண்ணாடித்தாளில்தான் சுற்றி வைப்பார்கள். திருமணச் சீர்த்தட்டுகளையும் அப்படித்தான் சுற்றுகிறோம். அவை சீர்த்தட்டுகள். மஞ்சள் நாடா பெண்வீடு. சிவப்பு நாடா மாப்பிள்ளை வீடு. நடக்கவிருந்தது இந்தியத் திருமண விளக்கக் காட்சி. பூங்கொடிக்கு இது புரிவதற்குள் இரண்டு பெண்கள் யாழினியைக் கையைப் பிடித்து அழைத்துப்போய், சுடிதாருக்கு மேலேயே சிவப்புச் சேலையைச் சுற்றிவிட்டனர். அவளோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

மணமகனாக வந்தவர் சரவணன் என்பவர். வாரநாட்களில் செம்பனை ஆலையில் பணி. சனிக்கிழமைகளில் இங்கே உதவி. வேட்டியும் தலைப்பாகையும் பழகிய உடையாக இருந்தன. அலுவலர் ஐனா அட்டையைப் பார்த்து, பெண்ணின் தாய்மாமன் இருக்கிறாரா என்று கேட்டார். நான் எழுந்தேன். எழாமல் என்ன செய்வேன்? உண்மையிலேயே நான் தாய்மாமன். யாழினியின் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வந்தேன். முதல் மாலையை நான் போட்டேன். அவள் தன் கையால் தொடுத்த மாலை அது.

பிறகு ஒலிவாங்கி என் கைக்கு வந்தது. வாழ்த்தச் சொன்னார்கள். எத்தனையோ திருமணங்களை முன்னின்று நடத்தியவன். வாழ்த்தச் சொன்னால் எனக்கு வரும் வாழ்த்து ஒன்றே ஒன்றுதான். அவையை வணங்கினேன். மணமக்களைப் பார்த்து, இவரை வாழ்க்கைத் துணையாக ஏற்க இசைவா என்று கேட்டேன். இருவரும் ஒலிவாங்கியில் “இசைவு” என்றனர். இந்த அவையைச் சான்றாக்கி இவ்விருவரையும் இன்றுமுதல் வாழ்க்கைத் துணைவராக அறிவிக்கிறேன் என்றேன். கைதட்டல் கூரையைத் தொட்டது. நாகசுர ஓசையை ஒலிபெருக்கியில் விட்டனர். யாரோ ஒருவர் “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்று கத்தினார். ஐனா ஒரு மஞ்சள் கயிற்றை நீட்டினார். சரவணன் ஒரு முடிச்சுப் போட்டார். நாத்தனார் இடத்தில் நின்ற தேவி பின்னாலிருந்து குனிந்து மற்ற இரண்டு முடிச்சுகளையும் போட்டார். சிவப்பு நாடாக்காரர்களும் மஞ்சள் நாடாக்காரர்களும் வண்ண அரிசியைத் தூவினர். சீனக் குழந்தை ஒன்று அரிசியை என் மூக்கில் எறிந்தது.

யாழினி சிரித்தபடியே இறங்கி வந்தாள். சேலையைக் களைந்து மடித்துக் கொடுத்தாள். பூங்கொடி அவள் கழுத்தில் கிடந்த கயிற்றை இரு விரலால் தூக்கிப் பார்த்தாள். நடுவில் கோத்திருந்த மஞ்சள் கிழங்குத் துண்டை முகர்ந்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

“உண்மையான மஞ்சக் கயிறுண்ணே இது.”

சரவணன் ஓடி வந்தார். வியர்த்திருந்தார்.

“அக்கா, எப்பவும் கொக்கி வச்ச கயிறுக்கா. கையில புடிச்சுப் போட்டோவுக்கு நிப்பேன், அவ்ளோதான். அது அறுந்து போச்சுன்னு இன்னிக்கு ஐனா அவங்களே கடையில போயி உண்மையானத வாங்கிட்டு வந்துட்டாங்க. பெத்துல் பெத்துல், நெஜமாவே கட்டுன்னாங்க. மேளம் வேற அடிச்சுட்டாங்க. கை தானா கட்டிருச்சு.”

“தானா கட்டிருச்சா? தம்பி, உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?”

“ஆயிருச்சுக்கா.”

“யாரு உன் சம்சாரம்?”

சரவணன் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் பூத்தட்டோடு தேவி நின்றிருந்தார்.

“ஐயையோ,” என்று தேவி வாயைப் பொத்திக்கொண்டார். “என் புருஷனுக்கு நானே ரெண்டு முடிச்சுப் போட்டுக் கட்டி வச்சிருக்கேன்!”

அவருக்குச் சிரிப்பு பீறிட்டது. பூங்கொடியின் கண்களைப் பார்த்ததும் அது அடங்கியது.

ஐனா அருகில் வந்தார். ஏதோ தவறு நடந்துவிட்டது என்பது மட்டும் அவருக்குப் புரிந்திருந்தது. மரபைச் சரியாகச் செய்துகாட்ட வேண்டும் என்று மெனக்கெட்டுக் கயிறு வாங்கி வந்தவர் அவர். மிக எளிய வினா ஒன்றை எங்களிடம் கேட்டார்.

“போலே புக்கா, கான்?”

கழற்றிவிடலாம், அல்லவா? நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யாழினி கழுத்துக்குக் கையைக் கொண்டு போனாள். கை பாதியில் நின்றது. “அம்மா, இது மியூசியம்மா,” என்றாள். அவள் குரலிலும் அவ்வளவு உறுதி இல்லை.

“அஞ்சு மணிக்கு வராங்க,” என்றாள் பூங்கொடி. “கழுத்துல கயிறோட நிப்பாளா? இல்ல, கட்டுன அன்னிக்கே கழட்டுன வெறுங்கழுத்தோட நிப்பாளா? நாள் குறிக்கிற அன்னிக்கு எதண்ணே நான் செய்ய?” பிறகு என் பக்கம் நன்றாகத் திரும்பினாள். “நீங்கதானே மேடைக்கு மேடை வெறும் கயிறுன்னு பேசுவீங்க. அவுத்துருங்க. நீங்களே அவுத்துருங்க.”

நான் கையை உயர்த்தினேன்.

மேடைகளில் நான் முழங்கி வந்தது என்ன? தாலி என்பது கயிறு. மணம் என்பது இருவர் இசைவு. அதற்குச் சான்று கூடியிருக்கும் அவை. இம்மூன்று தொடர்களுக்கும் எத்தனையோ மண்டபங்களில் கைதட்டல் பெற்றிருக்கிறேன். இப்போது அவற்றையே அளவுகோலாக எடுத்தேன். கயிறு வெறும் கயிறுதான். ஆனால் இருவரும் இசைவு சொல்லிவிட்டனர், அவை சான்று நின்றுவிட்டது, அறிவித்தவனும் நானே. என் கொள்கைப்படி கயிறு ஒன்றுமில்லை, மணம் முடிந்துவிட்டது. தங்கையின் நம்பிக்கைப்படி மணம் ஒன்றுமில்லை, கயிறு ஏறிவிட்டது. எந்தப் பக்கம் நின்று நான் அதைக் கழற்றுவது? என் விரல்கள் முடிச்சுக்கு ஒரு சாண் தொலைவில் நின்றன. இறங்கின.

இதற்குள் சுற்றி நின்றோர் தீர்ப்புச் சொல்லத் தொடங்கிவிட்டனர். ஆற்றில் விடுங்கள் என்றார் ஒருவர். கோயில் மரத்தில் கட்டுங்கள் என்றார் ஓர் அம்மையார். சிவப்பு நாடா அணிந்த பெரியவர் ஒருவர் என் தோளைத் தட்டி, “சார், ஜேபிஎன்ல பதியாம இந்த நாட்டுல கல்யாணமே இல்ல. கவலப்படாதீங்க,” என்றார். நான் அந்தச் சட்டத்தைக் கொழுகொம்பாகப் பற்றினேன். பூங்கொடியிடம் சொன்னேன். பதிவுத்துறையில் பதியாதது மணமே அன்று.

“பதியுறது அவங்க வேல,” என்றாள் அவள். “கழுத்துல கெடக்குறத அவங்களா வந்து எடுப்பாங்க?”

மணி பன்னிரண்டரை. கூடத்தில் அடுத்த நிகழ்ச்சிக்காக நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியிருந்தனர். யாழினி ஒரு நாற்காலியில் அமர்ந்துவிட்டாள். அவள் தொடுத்த மாலை அவள் மடியில் கிடந்தது. அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. “மதி அம்மா என்ன சொல்வாங்க மாமா?” என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள். அவ்வளவு நேரமும் நாங்கள் கயிற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோமே தவிர, அதை அணிந்திருந்தவளைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

அப்போது தேவி பூத்தட்டைக் கணவர் கையில் திணித்தார். யாழினியின் முன்னால் தரையில் மண்டியிட்டு அமர்ந்தார்.

“தங்கச்சி, கொஞ்சம் குனி.”

“எதுக்குக்கா?”

“கட்டுனது எம் புருஷன். முடிச்சுல ரெண்டு என்னோடது. அப்ப கயிறு யாருது? எனக்கு வர வேண்டியது வழி தவறி உங்கிட்ட வந்துருச்சு லா. கல்யாணமாகி மூணாம் மாசமே சங்கிலிக்கு மாத்திட்டேன். மஞ்சக் கயிறு பாத்து வருஷக் கணக்காச்சு.” பிறகு பூங்கொடியை அண்ணாந்து பார்த்தார். “அக்கா, அவுக்கவும் வேணாம், அறுக்கவும் வேணாம். ஒரு கழுத்துலேருந்து ஒரு கழுத்துக்கு வருது. போதுமா?”

பூங்கொடி தலையை அசைத்தாளா இல்லையா என்பதுகூட எனக்கு உறுதியில்லை. யாழினி குனிந்தாள். தேவி தம் தலையை அவள் தலையோடு ஒட்டிவைத்தார். நெற்றியும் நெற்றியும் தொட்டன. கயிறு நீளமானது, யாழினியின் கொண்டையைத் தாண்டி மேலேறியது, ஒரு நொடி இருவர் தலையையும் சுற்றி நின்றது, தேவியின் பின்னலுக்குமேல் இறங்கியது. மல்லிகைச் சரம் ஒன்று சிக்கி இரண்டு மொட்டுகள் உதிர்ந்தன. முடிச்சு மூன்றும் அப்படியே இருந்தன.

தேவி எழுந்து, மஞ்சள் துண்டைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார். கணவரைப் பார்த்தார்.

“என்னா பாக்குறீங்க? ரெண்டாவது தடவையும் என்னையத்தான் கட்டிருக்கீங்க. தட்டத் தூக்குங்க.”

பூங்கொடி தேவியின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள். பிறகு என்ன தோன்றியதோ, மேசையில் இருந்த குங்குமத்தை எடுத்துத் தேவியின் நெற்றியில் வைத்தாள். மணப்பெண்ணுக்கு வைப்பதுபோல் வைத்தாள். அலுவலர் ஐனா இதையெல்லாம் பார்த்துவிட்டுத் தம் குறிப்பு அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அதில் இது இல்லை. இதற்கு என்ன பெயர் என்று என்னிடம் கேட்டார். தெரியவில்லை அம்மா என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

ஒன்றேகாலுக்குப் புறப்பட்டோம். திரும்பும்போது கைப்பேசியை அணைத்து வைத்தேன். கடைக்காரர் சொன்ன சூராவ் வழியாகவே வந்தோம். வண்டியில் யாழினி ஒருமுறை கழுத்தைத் தடவிப் பார்த்தாள். விரலில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

மாலை ஐந்து மணிக்கு மதியழகனின் வீட்டார் வந்தனர். அவன் தாயார் அமர்ந்ததும் கைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். எனக்கு விளங்கிவிட்டது. அருங்காட்சியகத்தில் எடுத்த காணொளி அதற்குள் எத்தனை கைகளுக்குப் போயிற்றோ! நான் யாழினியின் கையைப் பிடித்து மேடையேறுவது, வாழ்த்துவது, மேளம், முடிச்சு. எல்லாம் இருந்தது. வீடு முழுதும் நாகசுரம் ஒலித்தது. பூங்கொடி பலகாரத் தட்டோடு வாசற்படியில் நின்றுவிட்டாள்.

“மாமாக்காரரு கூட்டிட்டு வந்தது அழகா இருந்துச்சு,” என்றார் அந்த அம்மையார். “எங்க கல்யாணத்துக்கும் அப்படியே வரணும்.” பிறகு கைப்பேசியை மடியில் வைத்துவிட்டு யாழினியை நேராகப் பார்த்தார். “அந்தக் கயிறு இப்ப எங்கம்மா?”

நான் வாய் திறந்தேன். ஒத்திகை, விளையாட்டு, சட்டம், பதிவு என்று நான்கு விடைகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு தொண்டையில் நின்றன. யாழினி என்னை முந்திக்கொண்டாள்.

“கட்டுனவரோட சம்சாரம் கழுத்துல இருக்கு அத்தை. அவங்களே எடுத்துப் போட்டுக்கிட்டாங்க. யாரும் அவுக்கல.”

அம்மையார் சற்று எண்ணிப் பார்த்தார். அந்தச் சற்று நேரத்தில் மதியழகன் தேநீர்க் குவளையை மேசையில் வைக்கவும் அஞ்சி அந்தரத்தில் பிடித்தபடி இருந்தான்.

“அப்ப சரி,” என்றார் அம்மையார். பலகாரத் தட்டை வாங்கிக்கொண்டார். “வர்ற தை மாசம் பாக்கலாமா?”

அந்த ‘அப்ப சரி’யில் என்ன தீர்ந்தது, எப்படித் தீர்ந்தது? நான் பல நாள் எண்ணிப் பார்த்துவிட்டேன். சட்டம் தீர்க்காததை, என் கொள்கை தீர்க்காததை, இரண்டு பெண்கள் நெற்றியோடு நெற்றி ஒட்டி நின்ற ஒரு நொடி தீர்த்துவிட்டது. கயிறு வெறும் கயிறாக இருந்திருந்தால் அதற்கு இவ்வளவு அக்கறையாக வீடு தேடியிருக்க வேண்டியதில்லை. கயிறே எல்லாமாக இருந்திருந்தால் அது இவ்வளவு எளிதாக வீடு மாறியிருக்கவும் முடியாது. தை மாதம் மேடையேறி வாழ்த்தும்போது எந்தத் தொடரைச் சொல்வேன் என்பது இன்னும் முடிவாகவில்லை.

போக விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். காலை ஒன்பதரைக்குள் சென்றுவிடுங்கள். பத்தரைக்குமேல் கோலப் பலகை கிடைப்பதில்லை. உள்ளே உணவுக்கடை இல்லை. கோலா கெத்திலிலேயே பசியாறிவிட்டுத் தண்ணீர்ப் புட்டியோடு செல்லுங்கள். கைப்பேசி காட்டும் பாதை செம்பனைக்குள்தான் போகும். சூராவைத் தாண்டி இரண்டாம் பிரிவு. பல்லாங்குழி அறையில் அந்தச் சிறுமி இருந்தால் வேறு எவரோடேனும் ஆடுங்கள். மேசையில் கண்ணாடித்தாள் சுற்றிய தட்டுகளைக் கண்டவுடன் கையை உயர்த்தாதீர்கள். திருமணக் காட்சிக்கு உங்கள் வீட்டுப் பெண்ணை அழைத்தால் தயங்க வேண்டா, மகிழ்வோடு அனுப்புங்கள். ஆனால் அவள் மேடையேறுமுன், மணமகனாக நிற்பவரின் மனைவி கூடத்தில் இருக்கிறாரா என்று மட்டும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.